வளைகுடாவில் ரயில் வருகிறது. கேம்ப் பஸ்ஸை யார் கேட்பது?



அபுதாபியிலிருந்து துபாய்க்கு 57 நிமிடம். 2026இல் ஓடத் தொடங்கும் என்று எதிஹாத் ரயில் நிறுவனம் அறிவித்திருக்கும் பயணிகள் ரயிலைப் பற்றி எந்தச் செய்தியை எடுத்தாலும் இந்த எண் இருக்கிறது. அதைப் படித்ததும் எனக்கு அப்பாவின் ஞாபகம்தான் வந்தது. வீடு ஷார்ஜாவில் ரோலா பக்கம், வேலை துபாய் தேராவில். நடுவே பதினைந்து கிலோமீட்டர் இருந்தால் அதிகம். வாடகை குறைவு என்பதற்காக ஷார்ஜாவில் குடியிருந்து துபாயில் வேலை பார்க்கும் லட்சக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பினால் அல் நஹ்தாவைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆகிவிடும். "வந்துட்டு இருக்கேன்" என்று அவர் போனில் சொன்ன பிறகுதான் அம்மா அரிசியைக் களைந்து உலை வைப்பார்.

சென்ற மாதக் கூட்டத்தில் இந்த ரயிலைப் பற்றிப் பேச்சு வந்தபோது நாம் இரண்டாகப் பிரிந்தோம். "அரசாங்கமே நடத்துற பொதுப் போக்குவரத்து, காரைக் குறைக்கும், இதை எதிர்க்க என்ன இருக்கு?" என்றது ஒரு பக்கம். "எண்ணெய்க் காசுல ஷேக்குகள் போடுற விளம்பரம், நமக்கு அதுல என்ன வேலை?" என்றது இன்னொரு பக்கம். நான் அன்று அதிகம் பேசவில்லை. தலையங்கம் எழுத என்னைக் கேட்டபோது, அன்று விட்டதை இங்கே சொல்லிவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

வளைகுடாவில் மாபெரும் பயணிகள் போக்குவரத்து ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த வரைபடத்திலும் அது கிடையாது. ஒட்டிவைத்த நேர அட்டவணை இல்லை, டிக்கெட் இல்லை, புகார் சொல்ல ஒரு எண் இல்லை. கம்பெனி பஸ், கேம்ப் பஸ் என்று நம் ஆட்கள் சொல்வது அதைத்தான். புதிய ரயில் பொதுச் சேவையா இல்லையா என்பதை அந்த பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களை வைத்து அளக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் ரயில். எதிஹாத் ரயில் 2009இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம். 2016இல் ஓடத் தொடங்கிய அதன் முதல் தடத்தில் மனிதர்கள் யாரும் ஏறவில்லை. ஷா, ஹப்ஷான் எரிவாயு வயல்களிலிருந்து ருவைஸ் துறைமுகத்துக்குக் கந்தகம் கொண்டுபோக 264 கிலோமீட்டர் தடம் போட்டார்கள். இன்று பசுமைப் போக்குவரத்து என்று சொல்லப்படும் ரயில், எரிவாயுத் தொழிலின் துணைப்பொருளைச் சுமக்கத்தான் பிறந்தது. பிறகு சவூதி எல்லையில் உள்ள குவைஃபாத்திலிருந்து கிழக்குக் கடலோரத்து ஃபுஜைரா வரை தடம் நீண்டு, 2023 பிப்ரவரியில் ஏறக்குறைய 900 கிலோமீட்டர் சரக்குப் பாதை முழுதும் திறக்கப்பட்டது. அதே தண்டவாளத்தில்தான் இனி பயணிகள் ரயில். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம், ஒரு ரயிலுக்கு 400 பேர், 11 நகரங்கள், 2030க்குள் ஆண்டுக்கு 3.65 கோடிப் பயணிகள் என்பது திட்டம். அது போதாதென்று அபுதாபி, துபாய் இடையே 30 நிமிடத்தில் போகும் 350 கிலோமீட்டர் வேக ரயிலையும் 2025 ஜனவரியில் அறிவித்தார்கள்.

இதற்கு மேலே வளைகுடா நாடுகள் ஆறையும் இணைக்கும் பெரிய ரயில் கனவு ஒன்று உண்டு. குவைத்திலிருந்து ஓமான் வரை 2,000 கிலோமீட்டருக்கும் அதிகம். 2009இல் ஆறு நாட்டுத் தலைவர்களும் ஒப்புக்கொண்டது, 2018இல் முடியும் என்றார்கள். நடுவில் எண்ணெய் விலை சரிந்தது. 2017இல் கத்தாரை அதன் அண்டை நாடுகளே மூன்றரை ஆண்டுகள் முற்றுகை போட்டன. இப்போது சொல்லும் ஆண்டு 2030. ஓமானின் சோஹாரையும் அபுதாபியையும் இணைக்கும் ஹஃபீத் ரயில் மட்டும் உண்மையிலேயே கட்டப்பட்டுவருகிறது.

இதில் நல்லது எதுவுமே இல்லையா? இருக்கிறது. ரயில் வந்தால் ஷேக் ஸாயித் சாலையில் பல்லாயிரம் கார்கள் குறையும், விபத்தும் குறையும். அபுதாபி நிலையம் முஹம்மது பின் ஸாயித் சிட்டியில் வருகிறது. பக்கத்திலேயே முசாஃபா, பட்டறைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் நிறைந்த பகுதி. திட்டமிட்டதோ தற்செயலோ, நல்லதுதான். துபாய் நிலையம் எங்கே தெரியுமா? ஜுமைரா கோல்ஃப் எஸ்டேட்ஸ். பெயரைப் பார்த்தாலே போதும் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அங்கே மெட்ரோ இருக்கிறது, மாறிக்கொள்ளலாம். மாறி எங்கே போவது என்பதுதான் சிக்கல்.

போன ஜூலையில் ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் எனக்கு ஷார்ஜாதான். நான் பிறந்த ஊர், எனக்குக் குடியுரிமை தராத ஊர். தேராவில் யூனியன் பஸ் ஸ்டேஷனில் இரவு ஒன்பது மணிக்கு ஷார்ஜா ஜுபைல் போகும் இ303க்கு வரிசையில் நின்றேன். ஆண்கள் வரிசை சுவரைச் சுற்றி வளைந்து போய்க்கொண்டிருந்தது. பெண்கள் வரிசையில் ஏழெட்டுப் பேர்தான். "பாப்பா, இது ரோலா போற வண்டிதானே?" என்று தமிழில் ஒரு குரல். ராமநாதபுரம் மாவட்டத்து அண்ணன் ஒருவர். சோனாப்பூர் கேம்பில் இருக்கிறார். லீவு நாளில் ரோலாவில் உள்ள மச்சானைப் பார்க்கப் போகிறார். இரண்டு வண்டிகள் நிரம்பிப் போயின. நாங்கள் பேசிக்கொண்டே நின்றோம்.

அவருடைய ஒரு நாள் இப்படி. மூன்றரை மணிக்கு எழுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் குளியலறை வரிசை பெரிதாகிவிடும். நாலரைக்கு கேம்ப் வாசலில் பஸ். சைட் ஜெபல் அலி பக்கம். ஆறு மணிக்குள் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள், வேலை ஆறரைக்குத்தான். சாயங்காலம் ஐந்தரைக்கு வேலை முடியும். ஒரே பஸ் இரண்டு மூன்று சைட்டுக்கு ஓடுவதால் ஆறரைக்குத்தான் வரும். கேம்ப் திரும்ப எட்டு. அதற்கப்புறம் சமையல், துணி, ஊருக்கு போன். "பதினோரு மணி நேரம் டூட்டின்னு பேப்பர்ல இருக்கு பாப்பா. எனக்கு கேம்ப்ல இறங்கி கேம்ப்ல ஏறுற வரைக்கும் கணக்குப் பாரு." விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினேன். "பதினஞ்சரை." "ம். அந்த நாலரை மணி நேரத்துக்குக் காசு கிடையாது. தூக்கம் மட்டும் உண்டு. அதுவும் சீட்டு கிடைச்சா."

இந்த நாலரை மணி நேரம் யாருடையது? அமீரகத் தொழிலாளர் சட்டத்தின் பொது விதி தெளிவாகவே இருக்கிறது: வீட்டிலிருந்து வேலைக்குப் போய் வரும் நேரம் வேலை நேரத்தில் சேராது. இது பல நாட்டுச் சட்டங்களிலும் உள்ளதுதான். லண்டனில் நான் பகுதிநேரம் வேலை பார்க்கும் இடத்துக்குப் போகும் நேரத்துக்கும் யாரும் எனக்குச் சம்பளம் தருவதில்லை. ஆனால் நான் எங்கே குடியிருப்பது என்பதை என் முதலாளி தீர்மானிப்பதில்லை. எந்த பஸ்ஸில் எத்தனை மணிக்கு ஏறுவது என்பதையும் அவர் தீர்மானிப்பதில்லை. அந்த அண்ணனுக்கு வீடு முதலாளியுடையது, பஸ் முதலாளியுடையது, விசா முதலாளியுடையது. சைட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி கேம்ப் எடுத்தால் வாடகை மிச்சம் கம்பெனிக்கு. அதனால் கூடும் இரண்டு மணி நேரம் தொழிலாளியின் கணக்கில் போகிறது. வேறு எங்காவது குடியிருக்கலாம் என்றால் அதுவும் லேசில்லை. குடும்பமில்லாத ஆண்களை 'பேச்சிலர்' என்று ஒதுக்கி, குடும்பங்கள் இருக்கும் பகுதிகளிலிருந்து நகராட்சிகளே வெளியேற்றுகின்றன. ஊரில் மனைவி, மூன்று பிள்ளைகள் இருந்தாலும் இங்கே அவர் பேச்சிலர்தான்.

கஃபாலா முறையைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் என்று தாள்களைப் பற்றியே பேசுகிறோம். அந்தத் தாள்கள் ஒரு மனிதனைக் கட்டிப்போடுவதற்கு கேம்ப் பஸ்ஸும் வேண்டும். கேம்ப் வாசலில் கால் மணிக்கு ஒரு பொது பஸ், ராத்திரியும் பகலும் வந்து நின்றால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சம்பளம் வராதவர் லேபர் கோர்ட்டுக்குப் போகலாம். நெஞ்சு வலிப்பவர் ஃபோர்மேனிடம் கெஞ்சாமல் ஆஸ்பத்திரி போகலாம். வேறு கம்பெனியில் நேர்காணலுக்குப் போய்விட்டு வரலாம். இன்று இதற்கெல்லாம் ஒரு நாள் சம்பளமும் டாக்ஸிக் காசும் வேண்டும்.

கிளைக்கதையாக ஒன்று: இந்தத் தொழிலாளர் பஸ்களில் பலவற்றின் முகப்பில் நமக்குப் பழக்கமான பெயரைப் பார்க்கலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்ட், ராஸ் அல் கைமாவில் பேருந்துத் தொழிற்சாலை வைத்திருக்கிறது. ஊரில் அரசு பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவர், அதே கம்பெனி பஸ்ஸில் இங்கே சைட்டுக்குப் போகிறார்.

அந்த பஸ்ஸின் ஆபத்தும் சேர்ந்தே வருகிறது. 2013 பிப்ரவரியில் அல் ஐனில் தொழிலாளர் பஸ்ஸும் லாரியும் மோதி 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் வங்கதேசத்தவர்.

மெட்ரோ வந்தபோதும் இதே உற்சாகம் இருந்தது. துபாய் மெட்ரோவின் ரெட் லைன் 2009 செப்டம்பர் 9 அன்று திறக்கப்பட்டபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. ஓட்டுநர் இல்லாத ரயிலின் முன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. அதன் பிறகு அது என்னை எங்கெங்கோ கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. பெண்கள் பெட்டி இருந்ததால் அம்மா என்னைத் தனியாக அனுப்பினார். மெட்ரோ எனக்குத் தந்த சுதந்திரத்தை மறைக்கப் போவதில்லை. ஆனால் ஒரு சேவையை நடத்துவதில் உள்ள சின்னச் சின்ன முடிவுகளில்தான் அது யாருக்கானது என்று தெரிகிறது. ஆரம்ப ஆண்டுகளில் வெள்ளிக்கிழமை பிற்பகல்தான் மெட்ரோ திறக்கும். கட்டடத் தொழிலாளிக்கு வாரத்தில் கிடைத்த ஒரே ஓய்வு நாள் அது. 2022 ஜனவரியில் வார விடுமுறையை சனி, ஞாயிறுக்கு மாற்றினார்கள். இப்போது ஞாயிறன்று காலை எட்டு மணிக்குத்தான் முதல் ரயில். பெட்டிக்குள்ளே கோல்ட் கிளாஸ் என்று ஒரு பகுதி, கட்டணம் இரட்டிப்பு. சாதாரணப் பகுதியில் மூச்சு முட்ட நிற்கும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காலி இருக்கைகள். தெரியாமல் அங்கே போய் நின்றால் 100 திர்ஹம் அபராதம், சில தொழிலாளிகளுக்கு அது மூன்று நாள் கூலி.

கிரீன் லைன் வடக்கே அல் குசைஸில் முடிந்துவிடுகிறது. அதற்கு அந்தப் பக்கம்தான் சோனாப்பூர் கேம்புகள். அங்கே ஃபீடர் பஸ் உண்டு, ரயில் இல்லை. 2029இல் திறக்கவிருக்கும் ப்ளூ லைனுக்கு 2,050 கோடி திர்ஹம் செலவு, 30 கிலோமீட்டர், 14 நிலையங்கள். மிர்திஃப், இன்டர்நேஷனல் சிட்டி, அகாடமிக் சிட்டி என்று வளைந்து போகும் அந்த வரைபடத்திலும் சோனாப்பூர் இல்லை. இந்தி பேசுபவர்கள் வைத்த பெயர் அது. தங்க ஊர் என்று அர்த்தம்.

ஷார்ஜாவுக்கும் மெட்ரோ இல்லை. அமீரகத்திலேயே மிக நெரிசலான தடத்தை இன்றுவரை பஸ்ஸும், சட்டப்படி அனுமதி இல்லாத கார் லிஃப்டும்தான் தாங்குகின்றன. குவைத் கதை இன்னும் வெளிப்படையானது. அங்கே அரசுப் பேருந்து நிறுவனம் 1962லேயே வந்துவிட்டது. ஆனால் வெளிநாட்டவர் ஓட்டுநர் உரிமம் வாங்கப் பட்டப்படிப்பும் 600 தினார் சம்பளமும் கேட்கிறார்கள். மிச்சம் இருப்பவர்களுக்கு பஸ். பஸ்ஸில் ஏறினாலே நீங்கள் யார் என்று தெரிந்துவிடும்.

நம் ஊர் அக்காமார்களில் பலருக்கு அந்த கேம்ப் பஸ்கூட இல்லை. மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வீட்டு வேலைக்கு வந்தவர்கள் வில்லாக்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். வில்லா தெருக்களில் நடந்து போகும் தூரத்தில் பஸ் நிறுத்தம் இருப்பது அபூர்வம். வாரத்தில் ஒரு நாள் லீவு கொடுத்தாலும் வாசலைத் தாண்டி எங்கே போவது? தமிழ்நாட்டில் 2021 மே மாதம் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் எடுக்கப்பட்டபோது, இத்தனை பெண்கள் வீட்டுக்குள்ளே எங்கே இருந்தார்கள் என்று கேட்கும் அளவுக்கு பஸ் நிரம்பியதை நாம் பார்த்தோம். இலங்கையில் 1958இல் தனியார் பஸ் கம்பெனிகளை எடுத்து இலங்கைப் போக்குவரத்துச் சபை அமைத்தபோது, லாபம் தராத ஊருக்கும் பஸ் போக வேண்டும் என்பது விதியானது. அந்த நிர்வாகங்களின் குறைகளையும் கடன்களையும் நாம் நன்றாகவே அறிவோம். ஆனாலும் 'பொது' என்ற சொல்லுக்கு நம் நினைவில் இருக்கும் பொருள் அதுதான். மக்கள்தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் குடிமக்கள் இல்லாத நாட்டில் அந்தப் பொது யார் என்று எந்தத் திட்ட அறிக்கையும் கேட்பதில்லை.

எல்லை தாண்டும் சேவை எப்படி இருக்கும் என்பதற்கும் ஒரு முன்கதை உண்டு. 2019 ஜூன் 6, ஈத் விடுமுறை முடிந்து மஸ்கட்டிலிருந்து துபாய்க்கு வந்த ஓமான் அரசு நிறுவனமான முவாஸலாத்தின் பஸ், ரஷீதியா மெட்ரோ நிலையத்துக்கு அருகே பஸ்கள் போகக் கூடாத சாலையில் நுழைந்தது. வாகன உயரத்தைத் தடுக்க வைத்திருந்த இரும்புத் தடுப்பு பஸ்ஸின் மேற்பகுதியைக் கிழித்தது. 17 பேர் இறந்தார்கள், அவர்களில் 12 பேர் இந்தியர். ஓட்டுநருக்கு ஏழு ஆண்டுச் சிறை விதித்தார்கள். மேல்முறையீட்டில் ஓராண்டாகக் குறைந்தது. அவர் தவறு செய்தார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு நாட்டு அரசுகள் சம்பந்தப்பட்ட ஒரு சேவையில் தடம் குறிப்பது, வெளிநாட்டு ஓட்டுநருக்கு ஊரைப் பழக்குவது, சாலைத் தடுப்பை இரும்பில் வைப்பதா என்று முடிவெடுப்பது எல்லாம் வேறு யாரோ செய்கிற வேலை. தண்டனை ஸ்டியரிங் பிடித்தவரோடு நின்றுவிட்டது. ஆறு நாட்டு ரயில் ஓடும்போது இந்தக் கேள்வி இன்னும் பெரிதாகும். அந்த நாடுகளில் சிலவற்றில் கேள்வி கேட்க ஓட்டுநர்களுக்கு யூனியன் கிடையாது.

இங்கிருந்துதான் கதை நம் பக்கம் திரும்புகிறது. துபாய் மெட்ரோவை யார் நடத்துகிறார்கள்? 2009 முதல் 2021 வரை பிரிட்டிஷ் கம்பெனியான செர்கோ. அதன் பிறகு மிட்சுபிஷியைச் சேர்த்துக்கொண்டு பிரெஞ்சுக் கம்பெனி கெயோலிஸ். இப்போது எதிஹாத் பயணிகள் ரயிலை நடத்தவும் 2025இல் கெயோலிஸோடுதான் கூட்டு நிறுவனம் அமைத்திருக்கிறார்கள். தோஹா மெட்ரோவை நடத்தும் கூட்டிலும் கெயோலிஸ் உண்டு, பாரிஸ் மெட்ரோவின் ஆர்ஏடிபியின் துணை நிறுவனமும் உண்டு.

செர்கோ என்ற பெயர் நம்மில் பலருக்கு ரயிலால் அறிமுகமானது இல்லை. இங்கிலாந்தில் தமிழ் அகதிப் பெண்களும் அடைபட்டிருந்த யார்ல்ஸ் வுட் தடுப்பு மையத்தை நடத்தியது அதே கம்பெனி. பிலோயலா குடும்பத்தை ஈராண்டு அடைத்துவைத்த கிறிஸ்மஸ் தீவு முகாமை ஆஸ்திரேலிய அரசுக்காக நடத்தியதும் அதே கம்பெனி. ஒரு பக்கம் தமிழரை நகரவிடாமல் வைப்பதற்கு ஒப்பந்தம், இன்னொரு பக்கம் நகர்த்துவதற்கு ஒப்பந்தம்.

இன்னொரு பொருத்தம் எனக்கு லண்டன் வந்த பிறகுதான் புரிந்தது. கிழக்கு லண்டனில் நான் தினம் ஏறும் டாக்லேண்ட்ஸ் லைட் ரயில்வேயும் ஓட்டுநர் அறை இல்லாத ரயில்தான். 1997 முதல் 2014 வரை அதை நடத்தியது செர்கோ, பிறகு கெயோலிஸ் பங்குள்ள கம்பெனி. துபாயில் நடந்த அதே வரிசை. அதே மாதிரித் தானியங்கி ரயில், அதே கம்பெனிகள். 2015 நவம்பரில் ஆர்எம்டி சங்கத்துத் தொழிலாளர்கள் இங்கே 48 மணி நேரம் வேலைநிறுத்தம் செய்தார்கள், ரயில் நின்றது. துபாயில் வேலைநிறுத்தமே சட்டவிரோதம், சங்கமும் கிடையாது. தொழில்நுட்பம், நிர்வாகக் கையேடு, லாபம் எல்லாம் கடல் தாண்டுகிறது. சங்க உரிமை மட்டும் ஏன் ஹீத்ரோவிலேயே நின்றுவிடுகிறது?

கெயோலிஸின் 70 சதவீதம் பிரெஞ்சு அரசு ரயில்வேயான எஸ்என்சிஎஃப் கையில். மீதி 30 சதவீதம் கியூபெக் மாகாணத்தின் ஓய்வூதியப் பணத்தை நிர்வகிக்கும் நிதியத்தின் கையில். மொன்றியலில் உணவகத்திலும் தொழிற்சாலையிலும் வேலை பார்க்கும் நம் மாமாமார் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் ஓய்வூதியக் காசு போய்ச் சேரும் இடம் அது. 'ஷேக்குகளின் ரயில்' என்று ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. கொஞ்சம் நம்முடைய ரயிலும்தான்.

பாரிஸ் தோழர்களுக்கு ஒரு கருவி கைவசம் இருக்கிறது. 2017இல் பிரான்ஸ் கொண்டுவந்த சட்டம், பெரிய கம்பெனிகள் வெளிநாட்டிலுள்ள துணை நிறுவனங்களிலும் துணை ஒப்பந்தக்காரர்களிடமும் மனித உரிமை மீறல் நடக்காமல் பார்த்துக்கொள்ளும் திட்டத்தை வெளியிட வேண்டும் என்கிறது. அதற்கு முன்பே, 2015இல், கத்தாரில் ரயில் உள்ளிட்ட கட்டுமானங்களில் கட்டாய உழைப்பு நடந்ததாக வின்சி கம்பெனி மீது ஷெர்பா என்ற அமைப்பு புகார் கொடுத்தது. வின்சி மறுத்தது. ஏழு ஆண்டு கழித்து, 2022 நவம்பரில், அதன் கட்டுமானத் துணை நிறுவனத்தின் மீது பிரெஞ்சு நீதிபதி முறைப்படி விசாரணை தொடங்கினார். மெதுவான பாதைதான். ஆனால் லா ஷப்பலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் தொடங்கும் பாதை.

"அங்கே எதுவும் நடக்காது, அவங்க பயந்தவங்க" என்று நம்மில் சிலர் சொல்வது எனக்குக் கோபத்தையே தருகிறது. வளைகுடாவின் முதல் பெரிய வெகுஜன அரசியலே பஸ்ஸிலும் டாக்ஸியிலும்தான் தொடங்கியது. 1954இல் பஹ்ரைனில் பிரிட்டிஷ் ஆதிக்க நிர்வாகம் வாகனக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியபோது டாக்ஸி, பஸ் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்துர் ரஹ்மான் அல் பாகிர் அவர்களுக்காகக் கூட்டுறவுக் காப்பீட்டு நிதி ஒன்றை அமைத்தார். சில வாரங்களில் ஷியா, சுன்னி இரு தரப்பையும் சேர்த்த உயர் செயற்குழு உருவாகி, சட்டமன்றமும் தொழிற்சங்கமும் கேட்டது. 1956 முடிவில் பாகிரையும் இரண்டு தோழர்களையும் நெப்போலியனை வைத்த செயின்ட் ஹெலினா தீவுக்கு நாடுகடத்தினார்கள். அவர்கள் நீதிமன்றத்தில் போராடி 1961இல் விடுதலையானார்கள்.

பழங்கதை என்றால், 2022 மே தினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டெலிவரிக்குக் கொடுத்த 10.25 திர்ஹத்தை 8.75 ஆகக் குறைக்கப் போவதாக டெலிவரூ சொன்னதும், துபாயில் ரைடர்கள் வண்டியை நிறுத்திவிட்டார்கள். அடுத்த நாளே கம்பெனி பின்வாங்கியது. சங்கம் இல்லை, சட்டம் இல்லை, வாட்ஸ்அப்பும் பைக்கும் இருந்தன. அது லண்டன் கம்பெனி என்பதும் தற்செயல் இல்லை. இங்கே பெயர் கெடும் என்ற பயமும் அதில் உண்டு.

ஆகவே ரயிலை வரவேற்போமா எதிர்ப்போமா என்ற விவாதத்தை விட்டுவிட்டு, அதை நடத்துபவர்களிடம் நாம் கேட்க வேண்டியதைக் கேட்போம் என்கிறேன். துபாய், அபுதாபி பஸ் கட்டணம் இன்று 25 திர்ஹம். ரயிலில் அதைத் தாண்டாத ஒரு டிக்கெட் எல்லா நேரமும் இருக்க வேண்டும். சோனாப்பூர், அல் கூஸ், ஜெபல் அலி, ஷார்ஜாவின் ஸஜா கேம்புகளிலிருந்து நிலையத்துக்கு அறிவிக்கப்பட்ட நேரத்தில், முதல் ஷிஃப்டுக்கு முன்பும் கடைசி ஷிஃப்டுக்குப் பின்பும் பொது பஸ் வேண்டும். கேம்ப் பஸ்ஸில் போகும் நேரம், முதலாளி தேர்ந்தெடுத்த தூரம் என்பதால், வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். நிலையங்களைத் துடைப்பவர்களும் காவல் நிற்பவர்களும் துணை ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். அவர்கள் ஊரில் ஏஜென்டுக்குக் கட்டிய பணத்தை நடத்தும் கம்பெனி திருப்பித் தர வேண்டும். இதில் முதல் இரண்டும் அங்கே உள்ள அரசுகள் நினைத்தால் நாளைக்கே நடக்கும். கடைசியை பாரிஸிலும் மொன்றியலிலும் கேட்கலாம். மூன்றாவதுதான் கடினம், அதனால்தான் அதற்கு ஆதாரம் சேர்க்க வேண்டும்.

அதற்கு உங்கள் உதவி வேண்டும். உங்கள் குடும்பத்தில் வளைகுடாவில் வேலை பார்ப்பவர் ஒருவராவது இருப்பார். அடுத்த முறை பேசும்போது மூன்று நேரம் மட்டும் கேளுங்கள்: காலையில் பஸ் எத்தனை மணிக்கு, வேலை எத்தனை மணிக்கு, திரும்பி கேம்பில் இறங்குவது எத்தனை மணிக்கு. பகுதியின் பெயர் போதும். ஆளின் பெயர், கம்பெனி பெயர், கேம்ப் எண் எதுவும் வேண்டாம், அனுப்பினாலும் அழித்துவிடுவோம். குரல் பதிவு, புகைப்படம் கேட்டு அவர்களைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். அங்கே சைபர் சட்டம் கடுமையானது. ஜனவரி இறுதிக்குள் வந்து சேர்ந்தால் பிப்ரவரிக் கூட்டத்தில் ஆர்எம்டி தோழர்களிடம் வைப்பதற்கு ஒரு பட்டியல் தயாராகும்.

என் நோட்டில் முதல் வரி ஏற்கெனவே இருக்கிறது: சோனாப்பூர், 4.30, 6.30, இரவு 8.00.